மொட்டை மாடிச் சாவி

எங்கள் பெரும்பாக்கம் அபார்ட்மெண்டில் 32 வீடுகள். ஒரே மொட்டை மாடி. அதற்கு ஒரே சாவி. அந்தச் சாவி செக்ரட்டரியிடம்.

வீடு நான் லோன் போட்டு வாங்கியது. இருபது வருஷ இ.எம்.ஐ. பத்திரத்தில் என் பெயர்தான் இருக்கிறது. ஆனால், என் தலைக்கு மேலே இருக்கிற மாடியில் இரண்டு கிலோ வடாம் காயப் போட வேண்டுமென்றால், என் மனைவி போய் செக்ரட்டரி வீட்டுக் காலிங் பெல்லை அடிக்க வேண்டும். அவர் கதவைப் பாதி திறந்து மூன்று கேள்வி கேட்பார்.

"எதுக்கும்மா?"

"எவ்வளவு நேரம்?"

"கூட யார் யார் வர்றாங்க?"

ஏதோ நாங்கள் மாடியையே பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு போய்விடுவோம் என்பது போல!

2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்து ஆட்களை மேலே ஏற்ற அவசரமாக மாடி தேவைப்பட்டது. சாவி செக்ரட்டரியிடம். செக்ரட்டரி கும்பகோணத்தில். பூட்டை உடைத்தோம். தண்ணீர் வடிந்த பிறகு கூடிய முதல் ஜெனரல் பாடி மீட்டிங்கில் முதலில் விவாதிக்கப்பட்டது வெள்ளம் அல்ல, பூட்டு.

இந்தச் சாவிப் புராணத்தை இப்போது எடுக்கக் காரணம் மேல் வீட்டுத் தம்பி. சோழிங்கநல்லூரில் ஐ.டி. கம்பெனி, ராத்திரி ஷிப்ட். பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் அடுத்தவர் போனை நோண்டுவது பொழுதுபோக்கு. லிஃப்ட்டில் என் போனைப் பார்த்துவிட்டான்.

"என்னண்ணா, இன்னும் ரூட் பண்ணாமயா வச்சிருக்கீங்க?"

'இன்னுமா கல்யாணம் ஆகலை?' என்று அத்தைமார்கள் கேட்பார்களே, அதே தொனி.

"ரூட்டா? எனக்குத் தெரிஞ்ச ரூட் மேடவாக்கம் ரூட்தான்பா" என்றேன். லிஃப்ட் நின்றது. அவன் நிற்கவில்லை. அரை மணி நேரம் வாசலில் நிறுத்தி விளக்கினான். அவன் சொன்னதை நமக்குப் புரிகிற தமிழில் தருகிறேன்.

*

1969-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் யூனிக்ஸ் என்று ஒன்றை எழுதினார்கள். ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய காலம். ஒருவர் ஃபைலில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது என்பதற்காக ஆளுக்கு ஒரு எண். எல்லாவற்றுக்கும் மேலே, எதையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம் என்ற முழு அதிகாரத்தோடு ஒரு கணக்கு. அதன் எண் பூஜ்யம், பெயர் ரூட். அந்த யூனிக்ஸைப் பார்த்து 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் எழுத ஆரம்பித்தார். அந்த லினக்ஸின் மேல் உட்கார்ந்திருப்பதுதான் நம் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு.

ஆண்ட்ராய்டு ஒரு அபார்ட்மெண்ட். உள்ளே வருகிற ஒவ்வொரு ஆப்பும் ஒரு குடித்தனம். ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனிச் சுவர். பேங்க் ஆப் வைத்திருக்கிற சாமானை கேம்ஸ் ஆப் எட்டிப் பார்க்க முடியாது. கேமரா, மைக், காண்டாக்ட்ஸ், எஸ்.எம்.எஸ். போன்ற பொது இடங்களுக்குப் போக வேண்டுமென்றால் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். 'அலவ்' என்று ஒரு பொத்தான் வருகிறதே, அதுதான் அது.

எல்லா வீட்டையும் திறக்கிற மாஸ்டர் சாவி, அதாவது ரூட், காசு கொடுத்து போன் வாங்கின உங்களிடம் இல்லை. கம்பெனிக்காரன் பூட்டி எடுத்துப் போய்விட்டான். போனோடு வந்த வேண்டாத ஆப்பைக்கூடப் பல சமயம் முடக்கத்தான் முடியும், அடியோடு நீக்க முடியாது.

"அநியாயமா இருக்கே" என்றேன், எங்கள் வடாம் ஞாபகத்தில்.

"அதான்ணா! 2018 ஆகஸ்ட் ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஒரு நாள் காலையில் தேசம் முழுக்க லட்சோப லட்சம் பேர் போனில், அவர்கள் சேவ் செய்யாத ஒரு நம்பர் உட்கார்ந்திருந்தது. ஆதார் ஆணையத்தின் பழைய ஹெல்ப்லைன். 'சர்க்கார் நம் போனுக்குள் புகுந்துவிட்டது' என்று ஒரே கூச்சல். ஆதார் ஆணையம் நாங்கள் யாரையும் போடச் சொல்லவில்லை என்றது. கடைசியில் கூகுள் ஒப்புக்கொண்டது. 2014-ல் இந்தியக் கம்பெனிகளுக்குக் கொடுத்த ஆரம்ப அமைப்பு புரோகிராமில் தவறுதலாக அந்த நம்பரும் 112-ம் சேர்ந்துவிட்டதாம். புது போனுக்கு மாறும்போது பழைய காண்டாக்ட்ஸோடு அதுவும் பெட்டி படுக்கையுடன் கூடவே வந்துவிட்டதாம். கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் பலருக்கு, 'அட, இந்த மாடிச் சாவி வேறு யார்கிட்டயோ இருக்குப்பா' என்று உறைத்தது.

*

அந்தச் சாவிக்கு டூப்ளிகேட் போடுவதுதான் ரூட் செய்வது. முதலில் பூட்லோடர் என்கிற வாசல் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்த உடனே போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். (திருடன் திறந்தாலும் ஒன்றும் கிடைக்கக் கூடாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள்.) பிறகு மேஜிஸ்க் என்று ஒரு புரோகிராம். தைவானைச் சேர்ந்த ஜான் வூ என்பவர் 2016-ல் வெளியிட்டது. அதைப் போட்டால் சாவி உங்கள் கையில்.

தம்பி தன் போனில் செய்து பார்த்துவிட்டான். வேண்டாத ஆப் எல்லாம் போயிற்று. விளம்பரம் போயிற்று. இரண்டு நாள் மாடியில் நின்று ஊரைப் பார்க்கிற ஜமீன்தார் மாதிரி இருந்தானாம். மூன்றாம் நாள், ஷிப்ட் முடிந்து மெயின் ரோடு டீக்கடையில் இரண்டு டீ, ஒரு மசால் வடை சாப்பிட்டுவிட்டு போனை நீட்டியிருக்கிறான். பேங்க் ஆப் திறக்கவில்லை. 'உங்கள் சாதனம் பாதுகாப்பானதல்ல' என்று சொல்லி மூடிக்கொண்டது.

பேங்க் ஆப் பக்கம் நியாயம் இருக்கிறது. சுவர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அது குடித்தனம் செய்கிறது. மாஸ்டர் சாவி ஒன்று சுற்றுகிறது என்று தெரிந்தால், நாளைக்கு அந்தச் சாவி தவறான ஆப்பின் கைக்குப் போகாது என்று என்ன நிச்சயம்? காலி செய்துகொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். தம்பி விடவில்லை. ரூட் இருப்பதை பேங்க் ஆப்பிடமிருந்து மறைக்க ஒரு வித்தை. பத்து நாளில் அப்டேட் வந்து அந்த வித்தை பலிக்காமல் போக, இன்னொரு வித்தை. சில கம்பெனிகள் இன்னும் கறார். சாம்சங் போன்களில் நாக்ஸ் என்று எலெக்ட்ரானிக் ஃப்யூஸ் ஒன்று உண்டு. ஒரு தடவை பூட்டைத் திறந்து வேறு சரக்கை ஏற்றினால் அது எரிந்துபோகும். பழையபடி மூடினாலும் எரிந்தது எரிந்ததுதான்.

"ஆக, ரெண்டு டீக்குக் காசு குடுக்க மூணு ராத்திரி கண் முழிச்சே" என்றேன்.

"அதில்லண்ணா... கன்ட்ரோல் நம்ம கையில இருக்கணும் இல்ல?"

இந்த ஒரு வரியில் பையன் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் ரூட் செய்தவர்கள் எல்லாம் சும்மா வேலை வெட்டி இல்லாமல் செய்யவில்லை.

*

ஆண்ட்ராய்டின் ஆரம்ப வருஷங்களில் அனுமதி என்பது கல்யாண மண்டப அக்ரிமெண்ட் மாதிரி. ஆப்பை இறக்கும்போதே ஒரு நீளமான பட்டியல் வரும். மொத்தத்துக்கும் சம்மதம் என்றால் உள்ளே, ஒன்றுக்கு மாட்டேன் என்றாலும் ஆப்பே கிடையாது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒரு டார்ச் லைட் ஆப் சக்கைப் போடு போட்டது. பல கோடிப் பேர் இறக்கினார்கள். இருட்டில் வெளிச்சம் காட்டுவதுதான் அதன் வேலை. அது அந்தப் பக்கம் உங்களுக்கு வெளிச்சம் காட்டிவிட்டு, இந்தப் பக்கம் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று விளம்பரக் கம்பெனிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. 2013 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதைப் பிடித்தது. சம்மதமா, இல்லையா என்று நீங்கள் பதில் சொல்வதற்கு முன்னாலேயே தகவல் போய்க்கொண்டிருந்தது என்பதுதான் இதில் விசேஷம்.

அதே 2013-ல் இன்னொரு கூத்து. ஆண்ட்ராய்டு 4.3-ல் 'ஆப் ஆப்ஸ்' என்று ஒரு ஒளிந்திருந்த பக்கத்தை யாரோ கண்டுபிடித்தார்கள். அதில் போய் ஒவ்வொரு ஆப்புக்கும் 'உனக்கு காண்டாக்ட்ஸ் கிடையாது, உனக்கு இருப்பிடம் கிடையாது' என்று தனித்தனியாக மறுக்கலாம். ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். டிசம்பரில் 4.4.2 வந்தது, அந்தப் பக்கத்தைக் காணோம். தெரியாமல் வெளியே வந்துவிட்டது என்றது கூகுள். போனது வேண்டும் என்றவர்களுக்கு அன்றைக்கு ஒரே வழி, ரூட். எங்கள் வெள்ளத்தன்று பூட்டை உடைத்த மாதிரிதான். வேறு வழி இல்லை, உடைத்தார்கள்.

ஆனால் 2015-ல் ஆண்ட்ராய்டு 6 வந்தது. அனுமதியை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும், கொடுத்ததைத் திரும்ப வாங்கலாம் என்று ஆயிற்று. 2019-ல் பத்தாம் பதிப்பு. ஆப் திறந்திருக்கும்போது மட்டும் இருப்பிடம். 2020-ல் பதினொன்று. 'இந்த ஒரு தடவை மட்டும்' என்று கொடுக்கலாம், பல மாதம் தொடாத ஆப்பிடமிருந்து அனுமதியை போனே பிடுங்கிக்கொள்ளும். 2021-ல் பன்னிரண்டு. மைக்கையோ கேமராவையோ யாராவது தொட்டால் மூலையில் பச்சைப் புள்ளி எரியும்.

அதாவது, பத்து வருஷத்துக்கு முன்னால் பூட்டை உடைத்து வாங்கிய பாதி உரிமை இன்றைக்கு உடைக்காமலே கையில் இருக்கிறது. அதனால் தம்பியிடம் சொன்னேன்: "பழைய போன் ஒண்ணு டிராயர்ல கிடக்கு. அதை வச்சு என்ன வேணா பண்ணு. பேங்க் இருக்கிற போன்ல வேண்டாம்."

"அப்ப பிரச்னையே இல்லேங்கறீங்களா?"

"இருக்கு. பூட்டுல இல்லே. விரல்ல இருக்கு."

இதைச் சொல்லும்போது எனக்கு 2020 டிசம்பர் ஞாபகம் வந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

*

அப்போது என் செக்‌ஷனில் ஒரு தம்பி வேலை பார்த்தான். திருவண்ணாமலைப் பக்கம். அமைதியான பையன். ஊரடங்கில் சம்பளத்தைப் பாதியாக்கிவிட்டார்கள். வேலை வீட்டிலிருந்து என்பதால் நேரில் பார்த்தே பல மாதம் ஆகியிருந்தது.

ஒரு நாள் மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து என் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம். அவனுடைய போட்டோ. மேலே சிவப்பில் 'ஃபிராடு' என்று எழுதி, கீழே 'இவன் வாங்கிய கடனுக்கு நீங்கள் ஜாமீன்' என்று மிரட்டல். நான் எந்த ஜாமீனும் போட்டதில்லை. கல்யாணத்துக்கே யோசித்துத்தான் கையெழுத்துப் போட்டவன்.

நான் என்ன செய்தேன்? அழித்தேன். 'பாவம், கூப்பிட்டுக் கேட்டால் சங்கடப்படுவான்' என்று நினைத்துக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி உண்மை, 'நமக்கு எதற்கு வம்பு' என்பது. ஆபீஸில் இன்னும் பலருக்கு அந்தப் படம் போயிருக்கிறது என்று பிறகு தெரிந்தது. யாரும் கூப்பிடவில்லை. ஒருவர் மட்டும் அதை இன்னொரு குரூப்பில் போட்டு, பக்கத்தில் சிரிக்கிற பொம்மை வைத்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து வேறு வேலையாக அவனைக் கூப்பிட்டேன். பத்து விநாடி பேச்சே இல்லை. பிறகு, "நீங்கதான்ணே மொத ஆளு, கூப்பிட்டது" என்றான். அழுதான். அந்த இரண்டு நாளில் அவன் மனசு எங்கெல்லாம் போய்விட்டு வந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

கடன் ஐயாயிரம். கைக்கு வந்தது மூவாயிரத்து இருநூறு. மீதியை ஏதோ கட்டணம் என்று பிடித்துக்கொண்டார்கள். ஏழாம் நாள் ஐயாயிரம் கட்ட வேண்டும். ஆறாம் நாளே போன். எட்டாம் நாள் படம்.

"ஆப் போட்டப்ப நாலு தடவை கேட்டுச்சுண்ணே. நாலு தடவையும் அலவ் குடுத்தேன். காசு அவசரம், படிக்கலை. பணத்துக்காகக் கூட இல்லண்ணே... எங்கம்மா நம்பரை 'அம்மா'ன்னு சேவ் பண்ணி வச்சிருந்தேன். அவனுங்க தேடக்கூட வேண்டியிருக்கலை."

அவன் போன் ரூட் செய்யப்படவில்லை. பூட்லோடர் பத்திரமாகப் பூட்டியிருந்தது. எல்லாச் சுவரும் இருந்தது. ஒரு பூட்டையும் யாரும் உடைக்கவில்லை. வாட்ச்மேன் நாலு தடவை 'விடட்டுமா?' என்று கேட்டார், இவன் நாலு தடவையும், 'விடுங்க' என்றான். அவ்வளவுதான்.

இது ஒருவன் கதை இல்லை. அந்த வருஷக் கடைசியில் நாடு முழுக்க இதே நடந்தது, சிலர் உயிரையே விட்டார்கள். 2021 ஜனவரியில் சென்னைப் போலீஸார் பெங்களூர் வரைக்கும் போய், கடனை வசூலிக்க மிரட்டிக்கொண்டிருந்த ஒரு கால் சென்டரைப் பிடித்தார்கள். கைதானவர்களில் இரண்டு பேர் சீனர்கள். அதே மாதம் ரிசர்வ் வங்கி ஒரு குழு போட்டது. 2021 நவம்பரில் வந்த அதன் அறிக்கை, இந்தியாவில் கிடைத்த கடன் ஆப்கள் ஏறக்குறைய 1,100, அதில் 600 சட்ட விரோதம் என்றது. பாதிக்கு மேல்!

பிறகு விதி வந்தது. 2022 செப்டம்பர் 2-ம் தேதி ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவின்படி, கடன் கொடுக்கிற ஆப் உங்கள் காண்டாக்ட்ஸ், போட்டோ, ஃபைல், கால் பட்டியல் எதையும் தொடக் கூடாது. ஆள் அடையாளம் சரிபார்க்க கேமரா, மைக், இருப்பிடம் மட்டும், அதுவும் ஒரே தடவை, உங்கள் சம்மதத்தோடு. 2023 மே கடைசியிலிருந்து கூகுளும் தன் கடையில் அதே மாதிரி விதி வைத்தது. 2025 ஜூலையிலிருந்து, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் எந்தெந்தக் கடன் ஆப்களைத் தங்களுடையது என்று சொல்கின்றன என்கிற பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலேயே இருக்கிறது. அதில் பெயர் இருந்தால் ரிசர்வ் வங்கி சர்டிபிகேட் கொடுத்தது என்று அர்த்தமில்லை. ஆனால் அதில் இல்லாத ஆப்பிடம் கடன் வாங்குவதற்கு முன் ஒரு தடவைக்கு நாலு தடவை யோசிக்கலாம்.

ஆகவே இளைஞர்களே, ஒரே ஒரு வரி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கடன் ஆப் காண்டாக்ட்ஸ் கேட்டால், அது கடன் ஆப் இல்லை.

இன்னொன்று. அந்தத் தம்பி என் நம்பரைக் கொடுத்தது அவனுக்கே தெரியாது. என்னை யாரும் கேட்கவும் இல்லை. நம் போனில் 400 பேர் நம்பர் இருக்கிறதென்றால் அந்த 400-ம் நம்முடையது இல்லை. அவர்கள் நம்பிக் கொடுத்தது. 'அலவ்' என்று அமுக்கும்போது நம் வீட்டுக் கதவை மட்டும் திறக்கவில்லை, மொத்த 32 வீட்டுக் கதவையும் சேர்த்துத் திறக்கிறோம்.

*

போன ஞாயிற்றுக்கிழமை என் போனை நானே சோதனை போட்டேன். செட்டிங்ஸுக்குப் போய், மேலே தேடுகிற இடத்தில் 'பெர்மிஷன் மேனேஜர்' என்று அடித்தால் ஒரு பட்டியல் வரும். எந்தெந்த ஆப் எதையெதைத் தொடலாம் என்று ஜாதகம் மாதிரி விரியும்.

காண்டாக்ட்ஸைப் பார்க்க 23 ஆப்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன். என் மனைவிக்குக்கூட நான் போனை அப்படிக் கொடுத்ததில்லை. பிரியாணி ஆப்புக்கு காண்டாக்ட்ஸ். (என் மாமனாருக்கும் சேர்த்து ஒரு பார்சல் அனுப்பவா?) காலண்டர் ஆப்புக்கு மைக். ராகு காலம் சொல்ல மைக் எதற்கு? எமகண்டத்தில் நான் என்ன பேசுகிறேன் என்று கேட்கவா? கீபோர்டு தீம் ஒன்று, 'எப்போதும்' என்ற கணக்கில் என் இருப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுத்து நீலமா, பச்சையா என்பது நான் மேடவாக்கத்தில் இருக்கிறேனா, மாம்பலத்தில் இருக்கிறேனா என்பதைப் பொறுத்ததா, தெரியவில்லை.

ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டே வந்தேன். அப்போதுதான் கவனித்தேன், நான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகள் எனக்குப் பழக்கமானவை.

எதற்கு? வேலைக்கும் கேட்கிற அனுமதிக்கும் சம்பந்தம் இருக்கிறதா?

எவ்வளவு நேரம்? எப்போதுமா, ஆப் திறந்திருக்கும்போது மட்டுமா, இந்த ஒரு தடவை மட்டுமா?

கூட யார்? என்னோடு சேர்த்து வேறு யாருடைய விஷயமெல்லாம் போகிறது?

எங்கள் செக்ரட்டரி! இத்தனை வருஷம் நான் யாரை நக்கல் செய்துகொண்டிருந்தேனோ, அந்த மனுஷர் மொத்தப் பாடத்தையும் அரைக் கதவில் நின்று நடத்தியிருக்கிறார்.

ரூட் போட்டவர்களுக்கும் இதேதான். மேஜிஸ்க் போட்ட போனிலும் ஒரு ஆப் ரூட் கேட்டால் திரையில் ஒரு கேள்வி வரும், கொடுக்கட்டுமா, வேண்டாமா என்று. சாவி பெரிசு, கேள்வி அதேதான்.

ரூட் இல்லாமலே ஏறக்குறைய ரூட் அளவுக்குப் போகிற ஒரு அனுமதி உண்டு. அக்ஸஸிபிலிட்டி. கண் தெரியாதவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டவும், கை சரியாக வராதவர்களுக்காகப் பொத்தானை அமுக்கவும் ஏற்படுத்திய நல்ல ஏற்பாடு. இதைக் கெட்ட ஆப் வாங்கிவிட்டால், நீங்கள் பார்ப்பதை அது படிக்கும், நீங்கள் அமுக்காததை அது அமுக்கும். எஸ்.எம்.எஸ். படிக்கிற அனுமதி இதற்குத் தம்பி. ஓ.டி.பி. வருவது அங்கேதான். இந்த இரண்டையும் தெரியாத ஆப் கேட்டால், செக்ரட்டரியை நினைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுங்கள்.

*

கட்டுரையை இங்கே முடித்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் அசோசியேஷன் குரூப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. 'அவசியம் வரவும்' என்று. அனுப்பியவர் செக்ரட்டரி. அவருக்கு ஒரே பையன், அவனுக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம். பத்திரிகையின் பெயர் கடைசியில் ஏ.பி.கே. என்று முடிந்திருந்தது. படமும் இல்லை, பி.டி.எஃப்.பும் இல்லை. அது ஒரு ஆப். 2024 நவம்பரிலேயே ஹிமாசலப் பிரதேசப் போலீஸார் இந்த மாதிரிக் கல்யாணப் பத்திரிகைகளைப் பற்றி எச்சரித்திருந்தார்கள்.

இந்தத் தடவை நான் இரண்டு நாள் காத்திருக்கவில்லை. குரூப்பில் 'யாரும் திறக்காதீர்கள்' என்று போட்டுவிட்டு, அவர் வீட்டு மாமி நம்பருக்குக் கூப்பிட்டுக்கொண்டே மாடிப்படி ஏறினேன். மேல் வீட்டுத் தம்பியும் பனியனோடு ஓடி வந்தான்.

செக்ரட்டரி கதவை முழுசாகத் திறந்தார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. முகத்தில் ரத்தம் இல்லை.

"பழைய சிநேகிதர் அனுப்பினார் ஸார். அவர் பொண்ணு கல்யாணமோன்னு தொட்டேன். என்னென்னமோ கேட்டுது... எல்லாத்துக்கும் சரின்னேன். போன் தானா மெசேஜ் அனுப்புது ஸார்..."

தம்பி முதல் வேலையாக போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வை-ஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, சிம்மை வெளியே எடுத்தான். மாமி போனிலிருந்து பேங்க்குக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தினோம். 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்தோம். (இந்த நம்பரை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் போன உடனே சொன்னால் வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. மனசு உடைந்து போனவர்களுக்கு 14416 என்று இன்னொரு நம்பர், டெலிமானஸ், இலவசம்.) பிறகு தம்பி போனை மொத்தமாக அழித்துப் புதுசாக்கினான். ரூட் விஷயத்தில் மூன்று ராத்திரி கண் முழித்த படிப்பு, அன்றைக்கு ஒரு கிழவரின் பென்ஷனைக் காப்பாற்றியது. ஒரு ரூபாய் போகவில்லை.

நான் அவரிடம், 'எங்களை மட்டும் அத்தனை கேள்வி கேட்டீங்களே' என்று கேட்கவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

நேற்றுக் காலை என் மனைவி வடாத்துக்குச் சாவி வாங்கப் போனாள். போன வேகத்தில் கையில் சாவியோடு திரும்பி வந்துவிட்டாள்.

"என்னங்க, பெல் அடிச்சதும் குடுத்துட்டார். ஒரு கேள்வி கேக்கலை. மனுஷருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

எனக்கு என்னவோ போல் இருந்தது. நேராக அவர் வீட்டுக்குப் போய் பெல்லை அடித்தேன்.

"ஸார், உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அந்த மூணு கேள்வியை மட்டும் நிறுத்திடாதீங்க."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கதவைப் பாதி சாத்திக்கொண்டார்.

"எதுக்கு?" என்றார்.